ஹாலில் மாட்டிய சச்சின் வெளுத்துப் போகாமலிருக்க...

சலூன் கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் பழைய சினிமா நட்சத்திரப் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முகம், சட்டை, பின்னாலிருக்கும் பூச்செடி என எல்லாமே நீலம் பாய்ந்திருக்கும். அச்சு மையில் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் ஓடிப்போகும். நீலமும் கறுப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். போன மாதம் அதே நீலத்தை எங்கள் வீட்டு ஹாலிலேயே பார்த்தேன்.

என் தம்பியின் கிரிக்கெட் கார்டுகள் அவை. 90-களில் பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் வீரர் படம் வருமே, அதேதான். ரன், விக்கெட் எல்லாம் போட்டிருக்கும். பபிள்கம்மை யாருக்காவது கொடுத்துவிடுவான். கார்டைக் கொடுக்கவே மாட்டான். அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவ்வளவு வருஷமும் கெடாமல்தான் இருந்தன.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் நாற்பது கார்டுகளை எடுத்து, ஒன்றன் ஓரத்தின்மேல் இன்னொன்று ஏறும்படி அடுக்கி, கண்ணாடி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். வெளிநாட்டிலிருந்து தம்பி லீவில் வரும்போது அசத்த வேண்டும் என்று ஆசை. அவன் வர மூன்று வருஷம் ஆனது. ஃபிரேமுக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல்.

ஃபிரேமைப் பிரித்தபோது, மேலே இன்னொரு கார்டு மூடியிருந்த ஓரம் மட்டும் புதுசுபோலச் சிவப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். முதலில் ஒரு கசப்பான விஷயம்: வெளிச்சத்தில் போன நிறத்தை எதைப் போட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. 'கண்ணாடிதான் போட்டிருக்கிறோமே' என்று நினைப்பீர்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் ஷீட்டோ, அந்த வகைக் கண்ணாடியோ போட்டால் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால், நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். 'யுவி புரொடெக்‌ஷன்' என்று எழுதியிருக்கும் கேஸை வாங்கி ஜன்னலோரம் வைத்தால், வெளுப்பது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காகிதத்தால் ஆன அரிய பொருள்களுக்கு மியூசியங்களில் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேர உச்சி வெயில் என்பது, மியூசியத்தில் தினம் 8 மணி நேரம் வீதம் 250 நாள்கள் வைத்திருப்பதற்குச் சமம்!

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 30,000-க்கும் மேற்பட்ட பேஸ்பால் கார்டுகள் இருக்கின்றன. சேர்த்துக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். கோடீஸ்வரர் இல்லை, சிரக்யூஸ் நகரத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். கடுமையான மூட்டுவாதத்தோடு, மியூசியத்துக்கே வந்து உட்கார்ந்து தன் சேகரிப்பை ஆல்பங்களில் ஒட்டி அடுக்கினார். வேலை முடிந்த சில வாரங்களில், 1963-ல் இறந்துபோனார். அவ்வளவு கார்டு இருந்தும், மியூசியம் ஒரு நேரத்தில் கொஞ்சத்தை மட்டுமே காட்சிக்கு வைக்கிறது. சில மாதங்களில் அவற்றை உள்ளே எடுத்துவிட்டு வேறு கார்டுகளை வைக்கிறது.

வீட்டிலும் இதையே செய்யலாம். ஒன்பது கார்டை வெளியே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். வெயில் எட்டாத உள்சுவர் நல்லது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமுக்குள் விளக்கு பொருத்தும் ஆசை இருந்தால் எல்.இ.டி. போடுங்கள். அதில் புற ஊதா மிகக் குறைவு, ஆனாலும் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் எரியட்டும். ஆட்டோகிராப் போட்ட கார்டு என்றால் கூடுதல் கவனம் தேவை. ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் கையெழுத்தெல்லாம் படத்துக்கு முன்னாலேயே மறைந்துவிடக்கூடும்.

லாமினேஷன்? ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் லாமினேட் செய்கிற ஆள்கள் நாம். கார்டுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. சேகரிப்பாளர்களிடம் அதற்கு மதிப்பும் இருக்காது. செலோ டேப்பும் கூடாது. பி.வி.சி. கலக்காத மெல்லிய உறைக்குள் கார்டை நுழைத்து, அந்த உறையோடு கெட்டியான பிளாஸ்டிக் ஹோல்டரில் வைத்தால் போதும். பழைய போட்டோ ஆல்பங்களின் மெதுமெது பி.வி.சி. கவர் நாளாக நாளாகப் பிசுபிசுத்து, படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

2022-ல் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ம் வருஷத்து கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பபிள்கம் கார்டுக்கு அந்த விலையெல்லாம் வராதுதான். தம்பி அழாத குறையாக நின்றதும் விலைக்காக இல்லை.

நல்லவேளை, டின்னில் இன்னும் நூற்றுச் சொச்சம் கார்டு மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்பதைக் கடைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே செல்போனில் படமெடுத்து, நல்ல தாளில் கலர் பிரின்ட் போட்டு, அதே ஃபிரேமில் மாட்டினேன். வந்த விருந்தாளிகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று தம்பி மட்டும் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, அசல் எங்க?" என்றான்.

பீரோ சாவியைக் கொடுத்தேன்.