உப்பு நீரில் ஒரு வயல்

திரையில் அந்தமான் என்றால் சிறையும் கடற்கரையும்தான். அங்கே ஏர் பிடித்தவன் எங்கே?

போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) சுமார் 14 கி.மீ. தள்ளியிருக்கிறது சிப்பிகாட். பறவைகளைப் படமெடுப்பவர்கள் தேடி வரும் இடம். அவர்கள் கேமராவில் அகப்படும் நீர்ப்பரப்பு ஏரியல்ல. 2004 டிசம்பர் 26 வரை அங்கே விவசாயம் நடந்தது. அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை திரும்பிப் போனது, கடல் போகவில்லை. மேட்டில் கிராம்பும் ஜாதிக்காயும் வளர்க்கும் அரசுப் பண்ணை தப்பியது. பள்ளத்து வயல்கள் உப்பு நீரில் மூழ்கின.

ஒரு சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜப்பானிய இயக்குநர் கனெட்டோ ஷிண்டோ 1960-ல் இதைவிடக் குறைந்த சரக்கை வைத்து 'நேக்கட் ஐலண்ட்' படத்தை எடுத்தார். நல்ல தண்ணீர் இல்லாத குட்டித் தீவு. கணவன், மனைவி, இரண்டு பையன்கள். பக்கத்துத் தீவிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, காவடி கட்டி மேடேறி, செடி செடியாக ஊற்றுகிறார்கள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. 1961-ல் மாஸ்கோ விழாவில் பெரும்பரிசு கிடைத்தது. வாளியைத் தவறவிட்ட மனைவியைக் கணவன் ஓங்கி அறைகிறான். ஏழை உழவனைக் காவியமாக்குகிறவர்கள் அவன் வீட்டுப் பெண் வாங்கும் அடியை வெட்டிவிடுவது வழக்கம். ஷிண்டோ வெட்டவில்லை.

ஜப்பான் என்றதும் அந்தமானில் நினைவுக்கு வருவது சினிமா அல்ல, 1942 முதல் 1945 வரை தீவுகளை ஆக்கிரமித்திருந்த ராணுவம். அது ஒருபுறமிருக்க, தமிழ் ரசிகருக்குத் தெரிந்த அந்தமான் எது? 1978-ல் சிவாஜியும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி'. 1996-ல் பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை'. பிந்தையதில் சந்தோஷ் சிவனின் கேமராவும் சாபு சிரிலின் கலையும் தேசிய விருது பெற்றன, நியாயமாகவே. ஆனால் செல்லுலார் சிறையின் மதிலுக்கு வெளியே ஊர் என்று ஒன்று இருப்பது அதில் தெரியாது.

ஊர் சாமானியமானதல்ல. 1918 முதல் காடு வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள், 1921 கலகத்துக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிளாக்கள், 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரேன்கள், நாடு பிரிந்தபின் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க அகதிகள். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழி என்றவர்கள் 15 சதவீதம். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். இவர்கள் எல்லோருக்கும் முன்பு அந்த மண்ணில் இருந்த பழங்குடிகளோ திரையில் பெரும்பாலும் வில்லும் அம்புமாகத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

எனவே சிப்பிகாட்டில் ஷிண்டோவின் வழி செல்லுபடியாகாது. அவருடைய மௌனம் ஒரே மொழி பேசும் குடும்பத்துக்குப் பொருந்தியது. அந்தமானில் வாயைத் திறந்தால்தான் யார் எங்கிருந்து வந்தார் என்பது புரியும். சந்தையில் எல்லோருக்கும் பொதுவானது அந்தமான் இந்தி. அதில் ஒவ்வொருவர் வீட்டு மொழியின் வாடையும் வீசும். அதை அப்படியே ஒலிப்பதிவு செய்தால் சென்னையில் எந்த விநியோகஸ்தர் வாங்குவார்? டப்பிங் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டாலோ கதை முடிந்தது. வயலை இழந்த வங்காளிப் பாட்டியும் ராஞ்சிக்காரரும் சுத்தமான மதுரைத் தமிழில் அழுவார்கள்.