தொட்டிக்கட்டு வீடு

தொட்டிக்கட்டு வீடு என்பது தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில், நிலமுடைய வேளாண் குடும்பங்கள் வாழ்ந்துவந்த ஒரு மரபுவழி வீட்டு வகையாகும். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் அமைந்திருப்பது இதன் முதன்மையான இயல்பு. திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர் ஆகிய மாவட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் இவ்வகை வீடுகளைக் காணலாம். வேளாண்மை சுருங்கிப் பின்னலாடைத் தொழில் வளர்ந்த திருப்பூர், வேலம்பாளையம் சுற்றுவட்டாரத்தில் இவை அருகி வருகின்றன.

பெயர்

வீட்டின் நான்கு பக்கக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் அவற்றின் வழியாக வழிந்து, தாழ்வாக அமைந்த முற்றத்தில் விழும். இம்முற்றம் தொட்டி போன்று தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் கேரளத்து நாலுகெட்டும் இதனை ஒத்த அமைப்புடையவை.

நிலமும் வீடும்

கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. ஆகவே இங்குள்ள வேளாண்மை பெரிதும் கிணற்றையே நம்பியிருந்தது. மின்சாரம் வருவதற்கு முன்னர், எருதுகளைப் பூட்டிக் கவலை மூலம் நீர் இறைக்கப்பட்டது. இவ்வேலை விடியுமுன்பே தொடங்கும். கால்நடைகளையும் விளைச்சலையும் இரவில் காவல் காக்கவும் வேண்டியிருந்தது. எனவே பலர் ஊருக்குள் வாழாமல் தம் தோட்டத்திலேயே குடியிருந்தனர். தோட்டத்தில் அமைந்த எளிய குடியிருப்பு சாளை எனப்பட்டது. வசதி படைத்தோர் ஊரிலோ தோட்டத்திலோ தொட்டிக்கட்டு வீடு கட்டினர்.

அமைப்பு

வீட்டின் முன்னே அகன்ற வாசல் இருக்கும். தானியம் காயவைப்பதும் திருமணம் போன்ற நிகழ்ச்சிகள் நடத்துவதும் இங்கேயே. அதனை அடுத்துத் திண்ணையும், ஆசாரம் எனப்படும் கூடமும் அமையும். உள்ளே, முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதையொட்டி அறைகள், சமையலறை, தானிய அறை ஆகியனவும் காணப்படும். சோளமும் கம்பும் குதிர்களில் சேமிக்கப்பட்டன. பொருட்களை வைக்கும் பரண் அட்டாலி என்றும், வீட்டின் பின்புறம் பொடக்காலி என்றும் வழங்கப்படும். மாடுகள் கட்டும் கட்டுத்தரை வீட்டுக்கு வெளியே தனியாக அமைக்கப்பட்டது.

முற்றம் வெளிச்சமும் காற்றும் தந்தது. வெளிச்சுவர்களில் சன்னல்கள் குறைவாகவும் சிறியனவாகவும் இருந்ததால் வெயிலும் திருட்டும் தடுக்கப்பட்டன. இவ்வமைப்பு சமூகப் படிநிலையையும் காட்டியது. ஒருவர் வாசல், திண்ணை, ஆசாரம் ஆகியவற்றுள் எதுவரை வரலாம் என்பதைச் சாதியே முடிவு செய்தது. பண்ணையில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினர் வாசலைத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை.

கட்டுமானப் பொருட்கள்

அடித்தளமும் சுவர்களும் அருகில் கிடைத்த கருங்கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பப்பட்டுச் சுண்ணாம்பு பூசப்பட்டன. தூண்கள் கல்லாலோ மரத்தாலோ ஆனவை. கூரைச் சட்டங்களுக்குப் பனைமரம் பயன்பட்டது. அதன்மேல் நாட்டு ஓடுகள் வேயப்பட்டன. பாசல் மிசன் 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர், சீமை ஓடு படிப்படியாகப் பரவியது.

ஒப்பீடு

இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் உள்ள பழைய நீள்வீடுகளும் கருங்கல்லால் கட்டப்பட்ட பண்ணை வீடுகளே. ஆனால் அங்கு ஒரே கூரையின்கீழ், ஒரு குறுக்கு நடையின் மேற்புறத்தில் மனிதரும் சரிவான கீழ்ப்புறத்தில் மாடுகளும் தங்கினர். குளிர்நாட்டு வீடு எல்லாவற்றையும் ஒன்றாக மூடிக்கொள்ள, வெப்பநாட்டு வீடு நடுவில் திறந்துகொண்டது. இரண்டிலும் உழவுத் தொழிலே வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது.

வீழ்ச்சி

பைக்காரா நீர்மின் திட்டம் 1932 இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் மின் இறைப்பிகள் பரவ, கவலையும் அதனை இழுத்த எருதுகளும் மறைந்தன. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயக் கழிவுநீர் நொய்யல் ஆற்றையும் கிணறுகளையும் மாசுபடுத்தியது. 1992 இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்திற்கு உதவாமல் போனது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாத முறையைக் கைக்கொண்ட ஆலைகள் பின்னர் மீண்டும் இயங்கின. இதற்கிடையே விளைநிலங்கள் பல ஆலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தனி நகராட்சியாக இருந்த வேலம்பாளையம் 2011 இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கிணறும் மாடும் தானியமும் இல்லாத நிலையில், அவற்றுக்காக அமைந்த வீடு பராமரிக்கக் கடினமான பெரிய கட்டடமாகவே எஞ்சுகிறது.

பாதுகாப்பு

இங்கிலாந்தில் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வரலாற்றுக் கட்டடங்கள் பட்டியலிடப்பட்டன. பழைய பண்ணை வீடுகளும் அப்பட்டியலில் உள்ளதால் அனுமதியின்றி அவற்றை இடிக்க முடியாது. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களைக் காக்கும் ஆணையம் அமைப்பதற்கான சட்டம் 2012 இல் இயற்றப்பட்டது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னிந்தியாவின் சில வட்டார வீடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டுள்ளன. எல்லா வீடுகளையும் இவ்வாறு காப்பது இயலாது. இடிக்கப்படுமுன் வீட்டின் தரைப்படம், அளவுகள், உறுப்புகளின் வட்டாரப் பெயர்கள் ஆகியவற்றைப் பதிவு செய்தால், வீடு மறைந்தாலும் அதனைப் பற்றிய அறிவு மறையாது.