ஜெர்மனி ரயிலில் நாய்க்கும் டிக்கெட்... சிங்கப்பூரில்?

பெர்லினில் பல உணவகங்களில் மேஜைக்கு அடியில் நாய் படுத்திருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனா, இந்த வரவேற்பு இலவசம் இல்லை. முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி. அடுத்த ஒவ்வொன்றுக்கும் 180. அந்தப் பணம் நாய்களுக்கே செலவாகும்னு நினைச்சுடாதீங்க, நகரத்தின் பொது வருவாயில்தான் சேரும்.

நீண்ட தூர ரயில்களில் கூடைக்குள் அடங்கும் குட்டி நாய்க்குக் கட்டணம் கிடையாது. பெரிய நாய் என்றால் டிக்கெட், கயிறு, வாய்மூடி மூன்றும் வேண்டும். டிக்கெட் எடுத்தாலும் சீட் மட்டும் கிடைக்காது, தரைதான்! சூப்பர் மார்க்கெட்டா? வாசலோடு சரி.

சிங்கப்பூரில் கெடுபிடி இன்னும் அதிகம். எம்ஆர்டி ரயிலில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் ஏறலாம். செல்லப்பிராணிகள் ஏற முடியாது. அரசு அடுக்குமாடி வீடுகளில், அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். வேலை கிடைத்து அங்கே போகிறவர்கள், ஃபிளாட் தேடுவதற்கு முன்பே தங்கள் நாயின் இனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.