சுவான்சௌ: எதையும் வீணாக்காத துறைமுகம்

தென்கிழக்குச் சீனத்தில், ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் உள்ள சுவான்சௌ, மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் ஜைத்தூன் என்று பெயர் சொல்லி வியந்த துறைமுகம். சோங், யுவான் வம்சத்து அரசர்களின் காலத்தில் அரபியரும் பாரசீகரும் தமிழரும் கப்பலேறி வந்து குடியிருந்து, தத்தம் தெய்வங்களுக்கு ஆலயமும் எழுப்பிக்கொண்ட அப்பட்டினத்தின் புராதனச் சின்னங்களில் 22 இடங்களை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியமாக அங்கீகரித்தது. அவற்றை வண்டியில் சென்று பார்த்து வருவோர் உண்டு. ஆயினும், கடல் கொண்டுவந்த எதையும் விலக்காமல் ஏற்பதும், உடைந்துபோனதை வீசி எறியாமல் வேறொன்றாக்கிக்கொள்வதுமான அவ்வூரின் சுபாவம், தெருத்தெருவாக நடந்து, பசித்த இடத்தில் உட்கார்ந்து உண்டு, சுவர்களை அருகில் நின்று பார்ப்பவர்களுக்கே விளங்கும்.

நடையைத் தொடங்க ஏற்ற இடம், தாங் வம்சத்துக் காலந்தொட்டு இருந்துவரும் மேற்குத் தெரு. காலை வேளையில் அங்கே ஜனங்கள் மொய்ப்பது 'மியன்சியன் ஹூ' என்னும் கஞ்சி விற்கிற சிறு கடைகளில். கோதுமை மாவில் மிக மெல்லியதாக இழுத்த சேமியாவை எலும்புச் சாற்றிலிட்டு, இழை தெரியாதபடி குழைய வேகவைப்பார்கள். சிப்பி, கணவாய், காடியில் ஊறிப் பொரிந்த பன்றி இறைச்சி, குடல் ஆகியவை தட்டு தட்டாக முன்னே வைக்கப்பட்டிருக்கும். பாஷை தெரியாதவரும் விரலால் சுட்டிக் காட்டினால் போதும், கடைக்காரர் அவற்றைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே வெள்ளை மிளகுத்தூளைத் தூவிக் கொடுத்துவிடுவார். அந்த மிளகுத்தூளை அற்பமாக எண்ணலாகாது. 1974-இல் இவ்வூர்த் துறையின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலத்துக் கப்பலின் 13 அறைகளில் கிடைத்த சரக்குகளில், வாசனைக் கட்டைகளோடு மிளகும் இருந்தது.

அக்கப்பலைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே மேற்குத் தெருவில், 686-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட காய்யுவான் பௌத்த ஆலயத்தின் வளாகத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள். ஆலயத்தின் இருபுறமும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழும்பிய இரண்டு கற்கோபுரங்கள் நிற்கின்றன. மரத்தாலும் செங்கல்லாலும் முன்பு இருந்தவற்றுக்குப் பதிலாகக் கருங்கல்லில், எண்கோணமாக, ஐந்து நிலைகளோடு கட்டப்பட்ட இவை, 1604-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்துக்கும் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் தமிழ் வாசகரின் கால்கள் தாமாகவே நின்றுவிடும் இடம் பிரதான மண்டபத்தின் பின்புறம். அங்குள்ள இரண்டு தூண்களில், இரணியனின் மார்பைப் பிளக்கும் நரசிம்மரும், முதலையின் பிடியிலிருந்து மீட்கப்படும் கஜேந்திரனும், கோபியரின் சேலைகளைக் கவர்ந்துகொண்டு மரத்தின் மேல் அமர்ந்த கிருஷ்ணனும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் கற்கள் அவை. மிங் வம்சத்துக் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள், அந்நியக் கடவுளரின் உருவங்கள் என்று ஒதுக்கிவிடாமல், புத்தருக்கே தாங்குதூண்களாக நிறுத்தினார்கள். சக ஆண்டு 1203-இல், அதாவது கி.பி. 1281-இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் சக்கரவர்த்தி கானின் திருமேனி நலத்துக்காக இவ்வூரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் தமிழ்ச் சாசனம் ஒன்றும் கிடைத்திருக்கிறது.

கோயிலை விட்டுச் சந்துகளில் புகுந்தால், யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறாத வீடுகளின் சௌந்தரியம் வெளிப்படும். பைன் மரக் கிளைகளை எரித்துச் சுட்டதனால் மேனியில் கரும்பட்டைகள் படிந்த செங்கற்களும், இரு நுனியும் தகைவிலான் குருவியின் வாலாக மேலெழும் கூரை முகடுகளும் இவ்வூர் வீடுகளின் அடையாளம். சில சுவர்களில், ஒழுங்கற்ற கருங்கற்களையும் உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டுகளையும் மாறி மாறி அடுக்கி, கல் சற்று உள்வாங்கியும் செங்கல் சற்றுத் துருத்தியும் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். 1604-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்து குவிந்தவற்றைக் கொண்டு வீடு கட்ட நேர்ந்தபோது இந்த முறை தோன்றிற்று என்று சொல்வது வழக்கம்.

இங்கிருந்து சென்ற பொருளும் ஆளும் ஏராளம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் 'பொப்பியா' என்று அறிந்த சுருள், இவ்வட்டாரத்து வீடுகளில் மெல்லிய கோதுமை அப்பளத்துக்குள் காய்கறியும் இறைச்சியும் வைத்துச் சுற்றும் பழைய பண்டமே. பிழைப்பு நாடித் தென்கடல் தேசங்களுக்குப் போனவர்கள் பணத்தோடு கட்டடப் பாணியையும் திருப்பி அனுப்பியதன் விளைவாக, சுங்ஷான் சாலையின் கடைகள் இன்றும் மாடியை முன்னே நீட்டித் தூண்களின் மேல் நிறுத்தி, நடப்போருக்கு வெயிலும் மழையும் படாத வழியை விட்டிருக்கின்றன. அங்கே முற்றிய இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்து வாத்தை வேகவைக்கும் மண்சட்டிகள் வரிசையாகக் கொதிப்பதைப் பார்க்கலாம். துணிவுள்ளவர் கடற்புழுவை வேகவைத்து ஆறவிட்டு உறையச் செய்த நுங்கு போன்ற பண்டத்தைப் பூண்டும் காடியும் தொட்டுச் சுவைக்கலாம்.

துமன் தெருவில், ஹிஜ்ரி 400-ஆம் ஆண்டில், அதாவது 1009-இல் கல்லால் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தொழுகைக் கூடத்தின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. அரபு எழுத்துகள் பொறித்த சுவர்கள் நிற்கின்றன. சில அடிகள் நடந்தால் குவான் யூ என்னும் வீரதெய்வத்தின் கோயில். பக்தர்கள் கொளுத்தும் ஊதுவத்திப் புகை தெருவரை வரும்.

இவ்வூரின் சுபாவத்தை முழுமையாக விளக்குவது சிப்பிதான். சிப்பியைக் கிழங்கு மாவில் புரட்டி, முட்டையோடு சட்டியில் வார்க்கும் அடையை எந்தக் கடையிலும் தின்னலாம். அந்த மாவைத் தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஃபூஜியனுக்குக் கடல்வழியே வந்த அன்னியப் பயிர். நகருக்கு வெளியே லோயாங் பாலத்தை 1053 முதல் 1059 வரை கட்டியவர்கள், அலையின் வேகத்தில் அஸ்திவாரக் கற்கள் பெயராதிருக்க அவற்றின் மேல் உயிருள்ள சிப்பிகளை வளரவிட்டு, அவற்றின் பிடிப்பையே சாந்தாகக் கொண்டார்கள். சுன்பு என்ற மீனவக் கிராமத்தில் பெரிய பெரிய சிப்பி ஓடுகளே வீட்டுச் சுவரின் மேனி. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய கப்பல்கள் அலையில் தள்ளாடாதபடி பாரத்துக்காகத் தூரதேசத்துக் கரைகளில் ஏற்றிவந்த ஓடுகள் அவை என்பது ஊரார் கூற்று. உப்புக்காற்றில் அரிக்கப்படாததும், ஓடுகளுக்கிடையே தங்கும் காற்றினால் வெப்பத்தையும் குளிரையும் தடுப்பதும் அச்சுவர்களின் விசேஷம். தின்று முடித்ததன் ஓட்டையும் கப்பலின் பாரத்தையும் வீடாக்கிக்கொண்ட ஊரில், கோபுரம் பார்க்க ஒரு நாள், சாப்பாட்டுக் கடைக்கு ஒரு நாள் என்று பிரித்துப் போடாமல், இரண்டையும் ஒரே நடையில் வைத்துக்கொள்வதுதான் முறை.