ப்ரொஜெக்ட் மேனேஜரா, ப்ராடக்ட் மேனேஜரா? தென்னமரம் தோட்டம் தரும் விளக்கம்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: “ப்ரொஜெக்ட் மேனேஜர், ப்ராடக்ட் மேனேஜர் ரெண்டும் ஒண்ணுதானே, டீச்சர்?” வேலை விளம்பரங்கள் இரண்டையுமே ‘பி.எம்.’ என்று சுருக்கிவிடுவதால் வரும் குழப்பம். தமிழில் முன்னவரைத் திட்ட மேலாளர், பின்னவரைத் தயாரிப்பு மேலாளர் எனலாம்.

இதை விளக்க ஐ.டி. கம்பெனி உதாரணமே வேண்டாம். நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் போதும். பெஸ்தாரி ஜெயா, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் உள்ள இத்தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (மலாயா வாழ்க்கையை வைத்து இவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. அது தனிக்கதை.) அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் சுமத்ராவிலிருந்து வந்த செம்பனையை அழகுக்காக நட்டு வைத்திருந்தார்.

சுற்றிலும் எல்லாரும் ரப்பர் போட்டுக்கொண்டிருந்த காலம். அப்போது செம்பனை நடலாமா? எண்ணெயை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள்? விலை கட்டுமா? இவை தயாரிப்பு மேலாளர் கேட்கும் கேள்விகள். ‘எதைச் செய்வது, யாருக்காக, ஏன்’ என்பதே அவர் பொறுப்பு.

நடுவது என்று முடிவானதும் வேறு கேள்விகள் வருகின்றன. நிலத்தை எந்த மாதத்துக்குள் துப்புரவாக்குவது? கான் வெட்ட எத்தனை ஆள்? கன்று வந்து சேரும்முன் மழை பிடித்துக்கொண்டால்? கையிலுள்ள பணம் போதுமா? இவை திட்ட மேலாளருடையவை. கடைசிக் கன்றும் குழியில் இறங்கியதும் அவருடைய வேலை முடிந்தது. அடுத்த திட்டத்துக்குப் போய்விடலாம்.

தயாரிப்பு மேலாளருக்கு அப்படி முடியாது. செம்பனை காய்க்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். பிறகு சுமார் 25 வயதுவரை குலை வெட்டலாம். மரம் கிழடானதும் பழைய கேள்வி திரும்பவும் எழும்: மறுபடி இதையே நடலாமா?

அந்நாளில் இந்தப் பதவிப் பெயர்கள் இல்லை. எல்லாம் துரை ஒருவர் தலையிலேயே இருந்தது. 1931-இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று எழுதிய குறிப்பையே தயாரிப்பு மேலாளர் பதவியின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பள்ளிக் கேன்டீன் தினத்தில் பிள்ளைகளைக் கவனியுங்கள். கூடாரம், ஐஸ், சில்லறை எல்லாம் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டதா என்று ஓடிக்கொண்டிருப்பவன் ஒரு வகை. “கடலை விக்கவே இல்ல, சூட்டுக்கு எல்லாரும் சிராப்தான் கேக்குறாங்க” என்று பத்து மணிக்கே சரக்கை மாற்றச் சொல்பவள் இன்னொரு வகை.

தோட்டப்புற மாணவர்களுக்குத் திட்டத் துறையில் நுழைவது எளிது என்பது என் கருத்து. கட்டுமானம், அளவை, பொறியியல் டிப்ளோமாவோடு தளத்தில் உதவியாளராகத் தொடங்கலாம். தயாரிப்பு மேலாளர் வேலைக்குப் பெரும்பாலும் விற்பனை, மென்பொருள், வடிவமைப்பு என்று வேறொரு வேலையில் சில ஆண்டு இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்குப் பயனர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கமும் எழுத்துத் திறனும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘பி.எம்.பி.’ சான்றிதழுக்கு விளம்பரம் பார்த்து உடனே பணம் கட்ட வேண்டாம். பட்டதாரிக்கே மூன்றாண்டுத் திட்ட அனுபவம் இருந்தால்தான் அத்தேர்வு எழுத முடியும்.