கேட்டில் நிறுத்தினால் என்ன கேட்பது?

புதுச்சேரி உறுவையாற்றிலிருந்து ஷிப்டுக்குப் போன ஒரு பெண், அன்று காலை ஏழு மணிக்கே வீடு திரும்பிவிட்டார். ஏழு வருடம் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு, இனிமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்களாம். டிபன் பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது. "எல்லாம் தலையெழுத்து" என்றார்.

தலையெழுத்து இல்லை. சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை இருக்கிறது. அதைக் கேட்கலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வேலை ஏன் போகிறது?

நம் தாத்தா காலத்தில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு நிலமும் மில்லும் இரண்டு கால்கள். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2011 தானே புயலில் அடிபட்டு, 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் மூடிவிட்டன. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நின்றபோது கரும்பு வெட்டுக் கூலியும் நின்றது. வயல்கள் மனைகளாயின. மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பி.ஏ. படித்த பிள்ளையும் அதே கம்பெனி வேனில்தான் ஏறுகிறது.

சம்பளம் நின்ற மாதமே குழுக்கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும். நகை அடகுக்குப் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகும். அந்த நெருக்கடியில்தான் "வெளிநாட்டு வேலை, முன்பணம் மட்டும் கட்டு" என்று ஒருவன் வந்து நிற்பான். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

உங்களுக்கு என்ன சேரும்?

ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) தனியாக உண்டு. அதை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் கடைசிச் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,923. ஏழு வருடத்துக்குப் பணிக்கொடை மட்டும் ஏறத்தாழ 48,460 ரூபாய். ஆட்குறைப்பு என்று உறுதியானால், இழப்பீட்டையும் ஒரு மாதச் சம்பளத்தையும் கூட்டும்போது ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஒப்பந்ததாரர் சம்பளப் பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டால், வேலை வாங்கிய கம்பெனிதான் அந்தச் சம்பளத்துக்குப் பொறுப்பு. இதையும் மறக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ராஜினாமா கடிதத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "நானே நின்றுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கைநழுவிப் போகும்.

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு வரவு, எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே போனில் படமெடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரர் பெயரை அடிக்கடி மாற்றும் இடங்களில், நீங்கள் எத்தனை வருடம் அங்கே உழைத்தீர்கள் என்பதற்கு இவைதான் சாட்சி.

புதுச்சேரி தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாள் கடத்தாதீர்கள். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் தொழில் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலை வேண்டாம்: தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். எண் 15100.

ஊரக வேலைக்கும் இதே பாடம்தான். 2005 சட்டம் நூறு நாள் வேலைக்கு உறுதி சொன்னது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் அதை 125 நாளாக்கியது. வாயால் கேட்டால் காற்றோடு போகும். மனு எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்க அந்த ரசீதுதான் ஆதாரம்.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். எட்டு மணி நேர வேலை அவர்கள் கேட்டதால் வந்தது. இன்று நமக்கு அந்த விலை இல்லை. ஒரு மனுவும் ஒரு ரசீதும் போதும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ஒரே வேனில் போன நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும், முதலில் அந்தச் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.