கடன்கார நாடும் மட்டக்களப்பு வாவியும்

2022ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது. வளர்ச்சி இல்லாமல் ஒரு நாடு வாழ முடியுமா என்று பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களில் நூல்கள் எழுதப்படும் காலத்தில், நமக்கு அந்த வளர்ச்சியின்மை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உணவுப் பொருள்களில் 95 சதவீதத்தை ஒட்டி. அதற்கு முந்திய மாதம் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே அடியில் 340 ரூபாயானது. கடலுக்குப் போகும் இயந்திரப் படகுகளின் வரவு செலவு அன்றோடு குழம்பியது. மட்டக்களப்பு வாவியில் சவள் வலித்துப் போகிற தோணிக்குத்தான் மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேராக இருந்த வறியவர்கள் 2022இல் இருபத்தைந்து பேரானார்கள்.

'இது நாங்கள் சொல்லும் நிறுத்தம் அல்ல, திட்டமிட்டுக் குறைப்பதையே சொல்கிறோம்' என்பார்கள் வளர்ச்சியை எதிர்க்கும் அறிஞர்கள். சரிதான். ஆனால் மேலிருந்து உத்தரவு போட்டுக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் படுத்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயற்காரருக்கு இதைப் புள்ளிவிவரம் வைத்து விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் வளர்ச்சிதான் மருந்தா? போர் முடிந்த பிறகு 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் 8 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்தோம். வீதிகள் வந்தன, பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தன. அந்தக் காலத்தில் வாங்கிச் சேர்த்த கடன்தான் 2022 ஏப்ரலில், இனி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவிக்கும் இடத்துக்கு நாட்டைக் கொண்டுவந்த காரணங்களில் முக்கியமானது. அதே ஆண்டுகளில் கிழக்கின் கிராமங்களுக்குள் நுண்கடன் கம்பனிகளும் வந்தன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். கிழமை தவறாமல் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பயந்து பெண்கள் ஒளிந்துகொண்டார்கள். தேசியக் கணக்கிலோ அந்த வட்டி நிதித்துறையின் வளர்ச்சி. தேசிய வருமானம் என்ற அளவுகோலை அமெரிக்காவில் வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, அதைக்கொண்டு மக்களின் நலத்தை அளந்துவிட முடியாது என்று 1934இல் எழுதிவைத்திருக்கிறார்.

வளர்ச்சி குறைவாக இருந்தாலும் மக்கள் நலமாக இருக்கலாம் என்பதற்கு உலகம் காட்டும் உதாரணங்களில் இலங்கையும் ஒன்று. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவச மருத்துவமும் கூடவே வேரூன்றியது. அப்போது நாம் பணக்கார நாடல்ல. ஆனால் அந்தச் செலவுக்கான காசில் பெரும்பங்கு தேயிலையிலும் றப்பரிலும் வந்தது. அதைப் பறித்தும் பாலெடுத்தும் தந்த மலையகத் தமிழரின் பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கல்வி கடைசியில் போய்ச் சேர்ந்தது. ஆகவே அந்த உதாரணத்தையும் முழுப் பெருமையோடு சொல்ல முடிவதில்லை.

அமெரிக்கர் ஒருவரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 தொன் கரியமில வாயு. இலங்கையர் ஒருவருக்கு ஒரு தொன்னை ஒட்டி. குறைக்க வேண்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம்முடைய ஆபத்து வேறு. கடன்பட்டவனுக்கு வளர்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அரசின் கடன் 2032க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். உற்பத்தி வளராவிட்டால் இந்த விகிதம் லேசில் இறங்காது. கடன் கொடுத்த நாடுகளோடு 2024 ஜூனில் செய்த ஒப்பந்தம் 2028 வரை மூச்சுவிட நேரம் தந்தது. அதன்பின் தவணை தொடங்கும், வெளிநாட்டு நாணயத்தில். டொலர் தரக்கூடிய எதையும் அரசு தேடும். கரையோரத்தில் 'பயன்படாமல் கிடக்கும்' நிலமும் நீரும்தான் முதலில் கண்ணில் படும். மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் இல்மனைட் அகழ்வுக்கும் இறால் பண்ணைக்கும் எதிராக மக்கள் வீதிக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான்.

வாவி பயன்படாமல் கிடக்கவில்லை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீரைக் கிழக்குக் கரையான எழுவான்கரையின் மீனவரும் படுவான்கரை உழவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டச் சொல்லி வயற்காரர் கேட்பார்கள். பிந்தினால் பயிர் அழுகும். முந்தி வெட்டினால் வாவி நீர் கடலுக்கு இறங்கி, மீனும் இறாலும் அதோடு போய், வளரும் காலம் கெட்டுவிடும் என்பார்கள் மீனவர். கச்சேரியில் கூடிப் பேசி நாள் குறிப்பார்கள். திட்டில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றைக் கீறிவிட்டால் போதும், மிச்சத்தை நீரே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். சண்டை வருவதுண்டு, மனக்கசப்பு மிஞ்சுவதுண்டு. ஆனாலும் ஒருவரின் வரவு மற்றவரின் செலவு என்பது அந்தக் கூட்டத்தில் இருப்பவர் எல்லாருக்கும் தெரியும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அப்படிக் கழிக்கும் வழக்கம் கிடையாது: இறால் பண்ணையின் ஏற்றுமதி கூட்டப்படும், வெட்டிய கண்டலில் வளராமல் போன மீன் கழிக்கப்படாது.

கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தளம் சாட்சி. பெருமளவு இறால் வளர்ப்பு இலங்கையில் முதலில் தொடங்கிய இடங்களில் மட்டக்களப்பும் ஒன்று. போர் அதை நிறுத்தியது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. தொழில் வடமேற்கில் சிலாபம், புத்தளம் பக்கம் பெருகியது. அங்கே ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, அழுக்கை அதே கால்வாயில் விட்டார்கள். ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணைக்கு நீராயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது வைரஸுக்கு வழி ஏற்கெனவே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. குளம் குளமாகக் கைவிட்டுப் போனார்கள். உப்பேறிய அந்த மண்ணில் நெல்லும் வராது, அழித்த கண்டலும் தானாகத் திரும்பி வராது.

இவ்வளவும் சட்டமே இல்லாத காலத்தில் நடந்ததல்ல. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூனில் வந்த வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என்றது. புத்தளத்தில் பெரும்பாலான பண்ணைகள் அந்த அளவுக்குக் கீழே நின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கடமையை அந்த எல்லை எந்த மேசைக்கும் தரவில்லை. ஈரநிலம் நிரப்புவதற்கும் அந்த வர்த்தமானியின் எல்லை 4 ஹெக்டேயர்தான். வாவியோரத்தில் இன்று ஒரு லோட், நாளை ஒரு லோட் என்று மண் கொட்டிக் காணி நிரப்புகிறவர் அந்த எல்லையை ஒருபோதும் தொடப்போவதில்லை.

வளர்ச்சியை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. 2028க்கு முன் வாவி முழுவதையும் ஒரே கணக்காக எடுத்து, இனி எத்தனை பண்ணை, எவ்வளவு நிரப்பு, எத்தனை விடுதி தாங்கும் என்று ஒரு வரம்பு எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்குமேல் வருகிற திட்டம் எவ்வளவு டொலர் தந்தாலும் வேண்டாம். முழுச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் அதைப் படித்து ஆட்சேபம் எழுத மக்களுக்கு 30 நாட்கள் கிடைக்கும். அளவை மட்டும் பார்த்தால், 4 ஹெக்டேயருக்குக் கீழே வெட்டும் குளத்துக்கு இந்தச் சட்டத்தில் அந்த 30 நாட்களும் இல்லை.